பதினோரு பேருக்கு ஒரு ஊசி

எங்கள் மாமா ஒரு தடவை ஊசியைக் கொதிக்க வைத்தால் பதினோரு பேருக்குப் போடுவார். எட்டு வயதில் எனக்கு இதைவிடப் பெரிய பெருமை கிடையாது. மற்ற பையன்களின் மாமாக்கள் மீசை வைத்திருந்தார்கள், சைக்கிள் வைத்திருந்தார்கள். ஊசி வைத்திருந்தது என் மாமா ஒருவர்தான்.

பெருமை பேசுவது என் பிறவிக் குணம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், இன்றைக்குத் துவாக்குடியில் நாற்பது பேர் வேலை பார்க்கிற வெல்டிங் பட்டறைக்கு முதலாளி. என்ஜினீயருக்குப் படித்தவர்களே குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

போன மாதம் உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஒரு சின்னப் பெண் புது ஊசியை உறையிலிருந்து பிரித்து, ஒரே ஒரு குத்துக் குத்திவிட்டுக் குப்பைப் பெட்டியில் போட்டாள். “இது எனக்கு மட்டும்தானா?” என்று கேட்டேன். “வேற யாருக்குப் போடணும் தாத்தா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்கு மாமாவைத் தெரியாதே.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் குடியிருந்தோம். சுற்றிலும் வாழைத்தோட்டம். அப்பாவுக்கு இலை அறுக்கிற வேலை. மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், சத்திரத்துப் பக்கம் ஒரு டாக்டரிடம் கதவு திறந்து விடுகிற வேலையில் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே ஊசி போடக் கற்றுக்கொண்டவர். டாக்டர் கழித்துப்போட்ட கண்ணாடி சிரிஞ்சு ஒன்று, ஊசிகள் இரண்டு, எல்லாம் ஒரு தகரப் பெட்டியில். டாக்டர் கண்ணில் படக் கூடாது என்று பெட்டி எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். சாயங்காலம் வருவார், எங்கள் அடுப்பில் ஊசியைக் கொதிக்க வைப்பார், தெருவில் இறங்குவார். ஒருவருக்குப் போட்டதும் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு, அப்புறம் அடுத்தவர். ஒரு பென்சிலின் குப்பியை மூன்று பேருக்குப் பங்கு வைப்பார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். மாமாவிடம் திரும்பி நின்றால் முடிந்தது. தெருவே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

அந்த ஐப்பசியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மாமா ஊசி போட்டார். காய்ச்சல் விட்டது, ஆனால் ஊசி போட்ட இடத்தில் கட்டி கிளம்பியது. அம்மா ஒருக்களித்தே உட்கார்ந்தாள், ஒருக்களித்தே படுத்தாள். மாமா வந்து பார்த்துவிட்டு, “உள்ள இருக்கற கெட்டது வெளிய வருது, நல்லதுதான்” என்று அதற்கும் ஒரு ஊசி போட்டார். கட்டி தேங்காய் மூடி அளவுக்கு வீங்கியது. மறுபடி காய்ச்சல், இந்தத் தடவை உடம்பைத் தூக்கிப் போடுகிற நடுக்கத்தோடு. “நாளைக்குச் சாயங்காலம் மூணாவது போட்டுடறேன் தங்கச்சி, அமுங்கிடும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு வயதில் தாய் தகப்பனைப் பறிகொடுத்தவளைத் தூக்கி வளர்த்தவர் அந்த அண்ணன். தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவர். அவர் கையைப் பார்த்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? அப்பாவுக்கோ, “மச்சான் கை பட்டா சரியாயிடும்” என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

மறுநாள் காலை பதினோரு மணி சுமாருக்கு நகராட்சி நர்ஸம்மா வந்தார். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வீடு வீடாக வருகிறவர். வெள்ளைப் புடவை, குடை, நீளமான நோட்டு ஒன்று. அந்த வாரம் அவர் கவனம் குழந்தைகள் மேல் இல்லை. எங்கள் தெருவிலேயே நான்கு வீட்டில் பெரியவர்களுக்கு இடுப்புக்குக் கீழே கட்டி இருப்பதைப் பார்த்திருந்தார். மாமாவைக் காட்டிக் கொடுக்க மனசில்லாமல் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள்.

“ஏம்மா, உனக்கும் முள்ளுதான் குத்திச்சா?”

“ஆமாங்க நர்ஸம்மா. தோட்டத்துல.”

“வாழைத்தோட்டத்துல ஏதும்மா முள்ளு? இந்தத் தெருவுல எல்லாரும் முள்ளைத் தேடிப் போய்த்தான் உக்கார்றீங்களா?”

 கோலிக்குண்டோடு வாசல் பக்கம் நழுவிக்கொண்டிருந்த என்னை அம்மா கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பெண்கள் பேசுகிற இடத்திலிருந்து என்னை விரட்டுவதுதான் அவள் வழக்கம். “நர்ஸம்மா இருக்காங்க, அடக்கமா உக்காரு. மாமா பெருமையெல்லாம் ஆரம்பிச்சுடாதே” என்றாள்.

நர்ஸம்மா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நோட்டை மூடினார்.

“ஆஸ்பத்திரியில ஊசி போடறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா தம்பி? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக் கொதிக்க வைக்கணும். பொழுது பூரா அடுப்பு முன்னாடியே நிக்கணும்.”

எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது? “உங்களுக்குச் சாமர்த்தியம் பத்தாது. எங்க மாமா ஒரு தடவை கொதிக்க வச்சா பதினோரு பேருக்குப் போடுவாரு!”

“பதினோரு பேருக்கா? போடா, பொய் சொல்றே.”

என்னைப் பொய்யன் என்று சொன்னால் இன்றைக்குக்கூட எனக்குப் பொறுக்காது. ஓடிப்போய்ப் பெட்டியையே எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். திறந்து காட்டினேன். குப்பியை எப்படிப் பங்கு வைப்பார், எப்படித் துடைப்பார் என்று நடித்துக் காட்டினேன். அம்மாவுக்கு இரண்டு போட்டாயிற்று, சாயங்காலம் மூன்றாவது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

நர்ஸம்மா ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முனை மழுங்கி, அடியில் கறுப்பேறி இருந்தது. பெட்டியைத் தன் பையில் வைத்தார், ரிக்‌ஷா பிடித்தார், அம்மாவைத் தாங்கி ஏற்றி, காவிரிப் பாலம் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். கட்டியைக் கீறி ஒரு சொம்பு சீழ் எடுத்தார்களாம். இரண்டு நாள் தள்ளியிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று அப்பாவிடம் சொன்னார்களாம்.

சாயங்காலம் மாமா வந்தபோது எங்கள் வாசலில் நர்ஸம்மா காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“போலீசுல சொல்லப் போறீங்களா?”

“போலீசு எதுக்குய்யா? எனக்குத்தான் நீ வேணும். யார் யாருக்குப் போட்டேன்னு உனக்குத்தானே தெரியும். வந்து வீட்டைக் காட்டு.”

“நல்லதுதாங்க நினைச்சேன்.”

“நினைச்சே. ஒருத்தர் உடம்புக் கிருமியை அடுத்தவர் உடம்புல கொண்டு போய் விட்டே. மருந்தையும் பங்கு வச்சே. அரை மருந்துல கிருமி சாகாது, பழகிக்கும். அப்புறம் முழு மருந்து கொடுத்தாலும் அசையாது. உன் தங்கச்சிக்கு ரெண்டு ஊசி போட்டும் அந்த மருந்து கேக்கலைன்னு வேற மருந்து ஏத்தியிருக்காங்க.”

மாமா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த மூன்று நாளும் அவர் வேலைக்குப் போகவில்லை. குடையும் நோட்டுமாக நர்ஸம்மா முன்னால் போக, மாமா பின்னால் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். முள் குத்தியது என்று சொன்னவர்களெல்லாம் மாமா வாயால் கேட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். நான் கோலி விளையாடுகிற பையன்களிடம், “எங்க மாமாவுக்கு கவர்மெண்ட் உத்தியோகம் கிடைச்சாச்சுடா” என்று சொன்னேன். அவர் தலை குனிந்து நடந்ததை மேலதிகாரிக்குக் காட்டுகிற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். போன எல்லாரும் தேறி வந்தார்கள். வண்டிக்காரர் ஒருவர் மட்டும் பயந்துகொண்டு தாமதமாகப் போனார். கடைசி வரைக்கும் அவர் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடந்தார்.

அம்மா வீடு திரும்ப இரண்டு வாரம் ஆயிற்று. மாமா சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் என்னைப் பார்த்து, “நீதானேடா பெட்டியை எடுத்துக் குடுத்தே?” என்றார்.

“சின்னப் புள்ளைண்ணே. அது வாயைப் பத்தி உனக்குத் தெரியாதா? அதைப் போய்க் கோவிச்சுக்காதே” என்றாள் அம்மா.

மாமா என் தலையில் கை வைத்தார். அதற்குப் பிறகு அவர் ஊசியைத் தொடவே இல்லை. அண்ணன் தங்கை இருவரும் கடைசி வரை ஒருவருக்கொருவர் உயிராகத்தான் இருந்தார்கள். தெரு மட்டும் ரொம்ப நாள் என்னை ஓட்டைவாய் என்று கூப்பிட்டது. அம்மாவும் அதை மறுத்துப் பேசவில்லை.

பட்டறையில் ஆட்களை வேலை வாங்கத் தெரிந்தவன் என்று எனக்குப் பெயர் உண்டு. ஒருத்தனிடம் நான் நேராகச் சொல்ல முடியாத விஷயம் இருந்தால், வாயை அடக்க முடியாத இன்னொருத்தனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, “இதை மட்டும் வெளியே சொல்லிடாதே” என்பேன். வேலை முடிந்துவிடும். ஒருநாள் அப்படிச் செய்துகொண்டிருந்தபோதுதான், அன்றைக்கு அம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தது நினைவுக்கு வந்து, சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டேன். அம்மா அப்போது உயிரோடு இல்லை, கேட்க முடியவில்லை. எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா சொன்ன சொல்லை அன்றைக்கு நான் கேட்கவில்லை என்பதுதான்.