ஒரு கொலையும் இல்லாத வருசம்

“இரஞ்சிதம். பெண். வயது முப்பத்துநாலு. அனுமதிப்பத்திரமின்றி நாட்டுத் துவக்கு வைத்திருந்தவர். ஆயுதக் குற்றவாளி.” 1963ஆம் ஆண்டின் பொலிஸ் பதிவு அவளைப் பற்றிச் சொல்வது இவ்வளவே.

இந்த ஆயுதக் குற்றவாளி கோழி அறுக்கவே பக்கத்து வீட்டைக் கூப்பிடுகிறவள். புருசன் தவராசாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்கு உள்ளே அரசாங்கம் கொடுத்த குடியேற்றக் காணிக்கு வந்து, காட்டை வெட்டி வயலாக்கியவள்.

அந்தப் பொலிஸ் பிரிவின் கணக்கில் அவ்வருடம் கொலை இல்லை. முந்தின வருடமும் இல்லை. காணி கொடுத்தால் மனுசர் சாந்தமாகிவிடுவார்கள் என்று பெரிய உத்தியோகத்தர் ஒருவர் அந்தக் கணக்கைக் காட்டியே மேடையில் பேசினார்.

இல்லாத அந்தக் கொலை ஆடி மாதம், சிறுபோக நெல் வளர்கிற நேரத்தில் நடந்தது. வாய்க்கால் தண்ணி முறையில் தவராசாவுக்கும் பக்கத்து வயல் பரமலிங்கத்துக்கும் வாய்த்தர்க்கம். அடுத்த கிழமை, தவராசா வழக்கமாக நடக்கிற வரம்புக்குக் குறுக்கே பரமலிங்கம் கட்டுத்துவக்கு கட்டினான். கம்பியில் கால் தடக்கினால் அது தானாக வெடிக்கும். பன்றிக்குக் கட்டுவது முழங்காலுக்குக் கீழே பார்க்கும். இது வயிற்றைப் பார்த்தது. தவராசா வரம்பிலேயே செத்துக் கிடந்தான்.

ஊரில் வயலுக்கொரு கட்டுத்துவக்கு. ஒன்றுக்கும் அனுமதியில்லை. கொலையென்று பொலிஸ் வந்தால் எல்லாம் போய்விடும். ஊர் யோசித்து யானையைத் துணைக்கழைத்தது.

“கதிர் பால்பிடிக்கிற நேரம், பிள்ளை,” என்றாள் இரஞ்சிதத்திடம் முன்வீட்டுக் கமலாசனி. “துவக்கெல்லாத்தையும் பறிச்சுக்கொண்டு போனா, பண்டியைப் பந்தியில இருத்திப் பரிமாறுறதோ?”

“பண்டிக்குக் கட்டினதெண்டு ஆரக்கா சொன்னது?”

“அதை விடு. நீ சொல்லி அந்த மனுசன் எழும்பி வரப்போகுதோ?”

திடீர் மரண விசாரணை அதிகாரி தில்லைநாதன் சைக்கிளில் வந்தார். படித்தவர். வயிற்றுக் காயத்தைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார்.

“யானை, ஐயா. கொம்பால குத்திப்போட்டுது,” என்றது ஊர்.

“இந்தக் காட்டில கொம்பன் எங்கை ஐயா இருக்கு?” என்றாள் இரஞ்சிதம். “திரியிறதெல்லாம் கொம்பில்லாத அலியன்.”

“துக்கத்தில கதைக்கிறியள், அம்மா. போய் இருங்கோ.”

யானை என்று எழுதினால் அவருக்குக் கோடு, வழக்கு என்று அலைச்சலில்லை; அப்படியே எழுதினார். பின்னேரமே பிரேதம் எரிந்தது. கொலைகார யானையைச் சுடவும் அனுமதி கிடைத்து, ஒரு அலியன் விழுந்தது. விழுந்ததில் கொம்பைத் தேட யாருக்கும் தோன்றவில்லை.

எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் இரஞ்சிதம் அந்த வரம்புக்குப் போனாள். துவக்கு அப்படியே இருந்தது. யானை கொன்ற இடத்தில் பரமலிங்கம் துவக்கை ஏன் கழற்றுவான்? அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி, பொலிசில் சார்ஜன்டின் மேசையில் வைத்தாள்.

“இது ஆற்ரை?”

“பரமலிங்கத்தின்ரை. என்ரை மனுசனைச் சாகடிச்சது இதுதான்.”

“உங்கட மனுசன் யானை அடிச்செல்லோ செத்தவர்? பரமலிங்கம் கட்டினதெண்டு ஊரில ஆர் வந்து சொல்லுவினம்?”

அவள் துவக்கை அவர் பக்கம் இன்னும் தள்ளி வைத்தாள்.

“சாட்சியில்லாத கொலையை எழுதினா, பிடிபடாத கேஸெண்டு என்ரை தலையில நிக்கும். சரி, இப்ப இந்தத் துவக்கு ஆற்ரை கையால வந்தது?”

“என்ரை கையால.”

“அப்ப அதை எழுதுவம்.”

வழக்கில் அரச தரப்புக்குச் சாட்சிக்குத் தட்டுப்பாடில்லை. அதுவரை ஒன்றையும் காணாத ஊர், அவள் துவக்கோடு பஸ் ஏறியதை மட்டும் தெளிவாகக் கண்டிருந்தது. முதற் சாட்சி பரமலிங்கம். நீதவான் தண்டம் அடித்தார். ஆயுதக் குற்றம் ஒன்று, பிடிபட்டவர் ஒருவர். வருசக் கடைசியில் அந்த நிலையத்துக்கு மேலிடத்துப் பாராட்டும் வந்தது. பரமலிங்கம் அடுத்த போகத்துக்குப் புதுத் துவக்குக் கட்டினான்.

இரஞ்சிதம் செய்தது இது: தன் புருசனைக் கொன்ற துவக்கை, பரமலிங்கம் அதைக் கட்டின வரம்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டுபோய்ப் பொலிசில் கொடுத்தாள்.