றஹீமா மிஸ்ஸின் பிளேன்டீ

கல்முனைப் பக்கத்தில், போதைப்பழக்கத்துக்கு வைத்தியம் பார்க்கும் அந்தச் சின்ன விடுதிக்கு யார் புதிதாக வந்தாலும், தாதி றஹீமா முதலில் பால் விடாத ஒரு பிளேன்டீ கொடுப்பாள். கோப்பை முட்ட ஊற்றிக் கொடுப்பாள். வந்தவர்கள் அதை உபசாரம் என்று நினைப்பார்கள். அவள் பார்ப்பது அவர்களுடைய கையை.

பதினாலு வருடமாக இதுதான் வேலை. தான் பராமரித்தவர்களைக் கல்யாண வீடுகளில் கண்டால் தெரியாதவள் போலக் கடந்துவிடுவாள். அவர்களாக வந்து கதைத்தால்தான் கதைப்பாள்.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம், நற்பிட்டிமுனையில் நெல் லொறி ஓட்டுகிற முபீனை அவனுடைய அண்ணன் ஸிராஜ் காக்காவும் மனைவி ஸுல்பிகாவும் கூட்டிவந்தார்கள். ஸிராஜ் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர். டொக்டர் கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார்.

"தூள்தான் டொக்டர். ரெண்டு வருஷமா."

"குடிக்கிறவரா?"

"அஸ்தஃபிருல்லாஹ்! எங்கட குடும்பத்தில அந்தப் பழக்கம் இல்ல."

ஹெரோயின் தூளைக் கூசாமல் ஒப்புக்கொண்டவர், சாராயம் என்றதும் பாவமன்னிப்புத் தேடினார். டொக்டர் தூளுக்கு உரிய மருந்தை எழுதினார்.

அன்று முபீனின் கோப்பை இலேசாகத்தான் தளம்பியது. மறுநாள் பகல் பாதித் தேநீர் சாரனில் கொட்டிற்று. தூளை விட்டவனுக்கு மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், உடம்பு உளையும். இவன் வியர்த்து நடுங்கினான். சுவர் முழுக்க எறும்பு ஊர்கிறது என்றான். சுவரில் ஓர் எறும்பும் இல்லை. நாள் தவறாமல் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், ஆளே போய்விடலாம்.

ஸிராஜ் லுஹர் தொழப் போயிருந்தார். அவள் விறாந்தையில் இருந்த ஸுல்பிகாவிடம் போனாள்.

"புள்ள, மறைக்காமச் செல்லுங்க. முபீன் குடிக்கிறவரா?"

ஸுல்பிகா முக்காட்டால் வாயைப் பொத்தினாள். "செல்லப்படாது எண்டு காக்கா சத்தியம் வாங்கிட்டாரு மிஸ். வெளிய தெரிஞ்சா என்ட மகளை யாரு எடுப்பா?"

"தூள் எண்டு தெரிஞ்சா எடுப்பாங்களா?"

"அதை வருத்தம், நோய் எண்டு செல்லலாம். இது மார்க்கத்துல ஹராமெல்லா."

"ரெண்டும் ஹராம்தான் புள்ள. நான் பள்ளிவாசலுக்கு எழுதல்ல, மருந்துக்கு எழுதப்போறன். மகளுக்கு மாப்பிள பேச வாப்பா வேணுமா, இல்லையா?"

ஸுல்பிகா அழுதாள். "ஓம் மிஸ். ஒவ்வொரு நாளும் ஒரு போத்தல். நேத்து விடியவும் குடிச்சவரு."

றஹீமா ஓடினாள். டொக்டர் உடனே மருந்தை மாற்றினார், ஊசி போட்டார். திரும்பி வந்த ஸிராஜ், ஸுல்பிகா சொல்லிவிட்டதை அறிந்து வாசலில் நின்று கத்தினார்: "எங்கட மானத்த வாங்கிட்டீங்களே!"

முபீனின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. "மெதுவாக் கதைங்க காக்கா. உங்கட தம்பி இப்பதான் கண்ணயர்ந்தாரு."

அடுத்த இரண்டு நாளும் முபீன் பிதற்றினான், கட்டிலை உலுப்பினான். வலிப்பு மட்டும் வரவில்லை. ஆறாம் நாள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.

மூன்று மாதம் கழித்து மருதமுனையில் ஒரு கல்யாண வீடு. ஸிராஜ் அவளைக் கண்டு முகத்தைத் திருப்பினார். அவளும் வழக்கம்போல் கடந்து போனாள். அப்போது சபை நடுவால் முபீன் வந்தான், ஒரு கையில் முட்ட ஊற்றிய பிளேன்டீயோடு.

"ஒரு சொட்டும் சிந்தல்ல ராத்தா, பாருங்க," என்றான், அக்கா முறை வைத்து, எல்லோருக்கும் கேட்க.

றஹீமா வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"கை நல்லாத்தான் இருக்கு தம்பி. சீனி போட மறந்துட்டீங்க."