படிவுத் தொட்டிக்கு முன்னால் நின்றவர்

பொறியியலாளர் ஞானமுத்து அவர்கள் இறந்த செய்தி, சனிக்கிழமைப் பூசை முடிந்து நான் கோயில் படியிறங்கும்போது வந்தது. "அடிச்சே கொன்னுட்டாங்க மிஸ்," என்றார் அவருடைய சாரதி. டிக்கோயா ஆஸ்பத்திரியில் உயிர் போயிருந்தது. மண்டை பிளந்திருந்தது. இதை மென்மையாக எழுத எனக்குத் தெரியும், எழுதமாட்டேன்.

கணவரை இழந்தபின் அவருடைய அலுவலகத்தில் வரைபடம் வரையச் சேர்ந்தேன். முதல் வாரமே என் படமொன்றைக் குறுக்காகக் கிழித்தார். "தண்ணிய நேரா உள்ள விட்டிருக்கீங்க மிஸ். வந்த வேகத்துல வெளிய போயிரும். குறுக்க ஒரு சுவர் போடுங்க. தண்ணி அடங்குனாத்தான் அழுக்கு அடியில உக்காரும்."

"கிழிக்காமலே சொல்லியிருக்கலாம் சேர்," என்றேன். பிறகு அவர் என் தாள் எதையும் கிழித்ததில்லை. நான் அதற்கு இடம் கொடுத்ததுமில்லை.

கோபக்காரர். சீமெந்தைக் குறைத்த மேசன் ஒருவரைத் தொட்டிக்குள்ளேயே தள்ளியிருக்கிறார். கை கொடுத்துத் தூக்கியதும் அவர்தான்.

பொகவந்தலாவைக்கு மேலே பழைய வெள்ளைக்காரத் துரை பங்களா ஒன்று ஹோட்டலானது. அதன் கழிவுநீருக்கு அவர் படிவுத் தொட்டி வடிவமைத்தார். அழுக்கு அடியில் தங்க, தெளிந்த நீர் பக்கத்துக் கற்குழி வழியாக மண்ணுக்குள் இறங்கவேண்டும். கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம். அவர்கள் குடிப்பது ஓடைத் தண்ணீர். வெயில் காலத்தில் குறையில்லை. மழை பிடித்ததும் ஓடையில் மலம் வந்தது. பிள்ளைகளுக்கு இரத்தமாகப் போயிற்று. லயத்துச் செல்லம்மாவின் குழந்தை செத்தது.

அதன்பின் நடந்ததைச் சாரதியும் செல்லம்மாவும் சொன்னபடி எழுதுகிறேன்.

லயத்து ஆண்கள் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்திகளோடு தொட்டியை உடைக்க ஏறினார்கள். செய்தி கேட்டு வந்திருந்த ஞானமுத்து அவர்கள் முன்னால் போய் நின்றார். ஒரு வெட்டு முன்கையைப் பிளந்தது.

"ஓந் தொட்டிதான்யா எம் புள்ளையக் கொன்னுச்சு," என்றார் செல்லம்மா. "நீ உசுரோட நிக்கிற."

"என்னையப் பெறகு வெட்டுங்கம்மா. மொதல்ல மூடியத் தூக்குங்க."

தூக்கினார்கள். எங்கள் படத்தில் இல்லாத குழாய் ஒன்று உள்ளே பீறிட்டுக்கொண்டிருந்தது. சரிவில் தனி வடிகான் வெட்டச் சோம்பி, ஹோட்டல்காரர்கள் கூரைத் தண்ணீர் முழுவதையும் தொட்டியில் சேர்த்திருந்தார்கள். அந்த வெள்ளம் அடியில் படிந்ததையெல்லாம் கிளறி, கற்குழியை மீறி, ஓடையில் தள்ளியிருக்கிறது.

அதைக் கழற்றமுடியாது என்றார் ஹோட்டல் மனேஜர். ஞானமுத்து அவர்கள் இரத்தம் வடியும் கையால் அலவாங்குக் கடப்பாரையை எடுத்துக் குழாயை நொறுக்கினார். காவலாளிகள் இரும்புக் கம்பியால் அவர் தலையில் அடித்தார்கள். விழுந்தபின்னும் அடித்தார்கள். செல்லம்மாதான் தன் சேலையைக் கிழித்துத் தலையைக் கட்டினார். "கூரத் தண்ணிய மறுபடி விட்டுறாதீங்க" என்பதே ஞானமுத்து அவர்களின் கடைசிப் பேச்சு.

காவலாளிகள் விளக்கமறியல் சிறையில் இருக்கிறார்கள். மனேஜர் இல்லை.

அடக்கத்தன்று பேய்மழை. ஹட்டனிலிருந்து கனவான்கள் மாலைகளோடு வந்தார்கள். அந்த லயத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. எனக்கு ஆத்திரம். நேரிலேயே கேட்டுவிடுவதென்று, மண் போட்ட கையோடு சாரதியை அங்கே விடச் சொன்னேன்.

உடைந்த குழாயைச் சுற்றி லயமே நனைந்துகொண்டு நின்றது. ஹோட்டல் ஆட்கள் காலையில் புதுக் குழாயோடு வந்து, கல்லடி பட்டுத் திரும்பியிருந்தார்கள். செல்லம்மாவின் உதடு கிழிந்திருந்தது.

"மண்ணு போட வர முடியலீங்க மிஸ். நாங்க நகந்தா கொழாய மறுபடி மாட்டிருவானுங்க."

கூரைத் தண்ணீர் தேயிலைக்குள் பாய்ந்தது. கற்குழி பொங்கவில்லை.

போய் வாருங்கள் சேர். உங்கள் தொட்டிக்கு ஆள் நிற்கிறது.