காரின் அச்சில் சுற்றிய உளுந்து

2024 ஏப்ரல் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை, காற்றும் அசையவில்லை. சுத்துக்கேணியில் எங்கள் வீட்டு வாசலில் என் மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு பாண்டிக்குப் புறப்பட்டேன்.

அவளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். பன்னிரண்டு மணிக்கு மெஷின். அரை மணிக்கு மேல் தாமதித்தால் காத்திருக்கும் இன்னொருவரைப் படுக்க வைத்துவிடுவார்கள். பிறகு வேறு நாளுக்குக் கெஞ்ச வேண்டும், அதற்குள் அவளுக்குக் கால் வீங்கி மூச்சு இரைக்கத் தொடங்கிவிடும். பஸ் படி ஏற அவளால் முடியாது. அந்தப் பழைய கார் ஒரு நாள் வழியில் நின்றால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு.

அந்தக் காரோ ஐந்து நாட்களாக முன்பக்கம் கரகரத்துக்கொண்டிருந்தது. நான் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் பிரித்து, வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் எனக்கு மனம் ஆறும். செல்போனில் வீடியோக்கள் பார்த்தேன். பிரேக் மிதிக்கும்போது சத்தம் மாறினால் பிரேக் பேடு, முழுதாகத் திருப்பும்போது டக் டக் என்றால் ஆக்ஸில் ஜாயிண்ட், வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடினால் பேரிங் என்று சொன்னார்கள். மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊர்க் கோடி வரை நேராக ஓட்டினேன், இடப்பக்கம் திருப்பினேன், வலப்பக்கம் திருப்பினேன், பிரேக் மிதித்தேன். சத்தம் எதிலும் முழுதாகப் பொருந்தவில்லை. இடது முன்சக்கரத்தின் பக்கமிருந்து வருகிறது என்பதில் மட்டும் நாங்கள் இருவரும் ஒத்துப்போனோம்.

"சத்தத்த வுடுங்க. எதோ கருகுற வாடை வருது" என்றாள் அவள். வெளியே யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்றேன்.

திங்கட்கிழமை வில்லியனூரில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். மூன்றில் செலவு குறைந்தது பேடுதான் என்பதால் பேடை மாற்றச் சொன்னேன். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "இது பேடு சத்தம் இல்ல சார். ஒரு நாள் வுட்டுட்டுப் போங்க, தூக்கி வெச்சு அடியில பாக்கணும்" என்றார். மறுநாள் டயாலிசிஸ் இருக்கிறது, முடியாது என்றேன். "நீங்களே வைத்தியம் சொல்லிட்டீங்க, அப்புறம் நான் எதுக்கு?" என்று சிரித்தார். வண்டி எங்கேயாவது காடு கழனியில் இறங்கியதா என்று கேட்டார். தார் ரோட்டை விட்டு ஒரு அடிகூட இறங்கவில்லை என்றேன். அது உண்மைதான். பேடை மாற்றிக்கொண்டு திரும்பினேன். சத்தம் அப்படியே இருந்தது.

செவ்வாயன்று வில்லியனூர் போகும் வழியில், ரோட்டின் பாதியை அடைத்து உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் இது வழக்கம். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் நெற்று உடைந்து உளுந்து உதிரும். பக்கத்தில் ஒதுங்கி ஓட்டினால் முறைப்பார்கள். ஆனால் அன்று அங்கிருந்த பெண்மணி இரண்டு கைகளையும் விரித்தபடி என் வண்டிக்கு எதிரே ஓடி வந்தாள்.

"ஏத்தாதீங்க! ஏத்தாதீங்க! அடியில பொகை வருது!"

நான் ஹாரன் அடித்தேன். அவள் நகரவில்லை. இறங்கிப் பார்த்தால், இடது முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து சாம்பல் நிறத்தில் புகை கசிந்துகொண்டிருந்தது. அவசரத்தில் மனைவியின் பக்கத்துக் கதவை எனக்குத் திறக்கவே வரவில்லை. அந்தப் பெண்மணிதான் திறந்து, அவளைத் தாங்கிப் பிடித்துப் புங்கமர நிழலில் உட்காரவைத்தாள். பிறகு தாங்கள் குடிக்க வைத்திருந்த இரண்டு குடம் தண்ணீரையும் கொண்டுவந்து காருக்கு அடியில் ஊற்றினாள். அவள் கணவர் கருக்கரிவாளோடு ரோட்டில் மல்லாந்து படுத்து, உள்ளே கையை விட்டு அறுத்து அறுத்து இழுத்தார். ஆக்ஸிலைச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்த செடி கற்றை கற்றையாக வந்தது. அதன் ஒரு நுனி சைலன்ஸர் குழாயில் பட்டுக் கருகியிருந்தது.

பயம் தீர்ந்ததும் எனக்குக் கோபம் வந்தது. "ரோட்டில் செடியைக் கொட்டி வைத்தால் இப்படித்தான் ஆகும்" என்று சத்தம் போட்டேன். அந்தப் பெண்மணி காலிக் குடங்களை எடுத்து ஓரமாக வைத்தாள். மர நிழலிலிருந்து என் மனைவிதான் பேசினாள்.

"இன்னாங்க, அவங்கள எதுக்குத் திட்டறீங்க? அவங்க செடி மேல நாம இன்னும் ஏறவே இல்லியே. அது நம்ம வூட்டு உளுந்து. டிராக்டர வெச்சு மிதிச்சா காசு குடுக்கணுமேன்னு போன வாரம் நீங்கதான் காரை முன்னயும் பின்னயும் வுட்டு மிதிச்சீங்க."

அந்தப் பெண்மணியின் கணவர் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "இன்னா பெரியவரே, கார வெச்சிப் போரடிச்சியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். வேறு வழியில்லாமல் நானும் சிரித்தேன். நாங்கள் உளுந்து மிதித்ததும் தார் ரோட்டில்தான். மெக்கானிக்கிடம் ஓடிய கிலோமீட்டர், டயரின் காற்று எல்லாம் சொன்ன நான், வெட்கத்தில் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

"மெதுவா போங்க. நேரமாச்சின்னு முடுக்காதீங்க" என்றாள் அந்தப் பெண்மணி. பணம் நீட்டினேன். "தண்ணிக்கு எவனாச்சும் காசு வாங்குவானா?" என்று நகர்ந்துவிட்டாள். அடுத்து அவர்கள் குடிக்கத் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பன்னிரண்டு இருபதுக்கு ஆஸ்பத்திரி சேர்ந்தோம். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் மனைவியைப் படுக்க வைத்தார்.

மறுநாள் மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்த்தார். செடி சுற்றிக்கொண்டு உராய்ந்ததில் ஆக்ஸில் ஜாயிண்ட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் எல்லாம் வெளியேறி, ஜாயிண்ட்டும் தேய்ந்திருந்தது. இந்த முறை உளுந்துக் கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அந்த ரோட்டோரத்தில் ஒரு மரக்கால் உளுந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இது கார் மிதிச்ச உளுந்தா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண்மணி முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் மெக்கானிக்கிடம் போனாலும் டாக்டரிடம் போனாலும், என்ன சத்தம், என்ன வலி என்று சொல்வதற்கு முன் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆன செலவு, தேவையில்லாமல் மாற்றிய பேடு இரண்டாயிரத்து நூறு, ஜாயிண்ட்டும் உறையும் கூலியும் சேர்த்து ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பது, அதில் டிராக்டர் வாடகை மிச்சம் எண்ணூறைக் கழித்தால், எட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாயும் ஒரு மரக்கால் உளுந்தும்.