அப்பா அலசிய கடற்பாசி

கடலைப் பார்ப்பதற்கு முன்பே கடலில் முளைத்த ஒன்றைக் கொன்றுவிட்டேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அழுதிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. ஆம்பூரிலிருந்து தினமும் ரயிலேறிப் போய் வேலூரில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள் அக்கா. கல்லூரியில் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். கரைப்பாறையில் கிள்ளிய பச்சைப் பாசி ஒன்று, இடுப்பளவுத் தண்ணீரில் எடுத்த சிவப்புப் பாசி ஒன்று என்று இரண்டு பாட்டில்களில் கடல்தண்ணீரோடு கொண்டு வந்தாள். வழியில் ஒரு பாட்டில் உடைந்தது. அதற்குள் இரண்டு பாசிகளும் வாடி ஒரே சேற்று நிறத்துக்கு வந்திருந்தன. ஒட்டிய சீட்டுகளிலும் மை கரைந்துவிட்டது. மிஞ்சியது எது என்று அவளுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. பாசியின் பெயரையும் அது வளரும் இடத்தையும் சொல்ல வேண்டும். அக்கா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அதாவது இட்லி சாப்பிடவில்லை, பிரியாணியை விட்டுவைக்கவில்லை. ஞாயிறு காலை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போனாள்.

அப்பா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோல் ஷாப் என்று எங்கள் ஊரில் சொல்லும் தோல் பதனிடும் ஆலையில், உப்பில் வரும் தோல்களை நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசுவதுதான் இருபது வருஷமாக அவர் வேலை.

"உப்புல கெடந்தா இன்னா தெரியும்? மொதல்ல உப்பு போவணும். நீ தண்ணி கொண்டா" என்றார்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரும் கரிக்கும். அதனால் அம்மா குடிக்கப் பிடித்துவைத்திருந்த குழாய்த் தண்ணீரில் ஒரு குடத்தைத் திருடி அலுமினிய பேசினில் ஊற்றினேன். அப்பா பாசியை இருமுறை அலசி ஊறப்போட்டார்.

மதியம் போய்ப் பார்த்தால் தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. பாசி ரத்தம் கக்கிவிட்டது என்று நான் வீறிட்டேன். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தாள்.

பேசினைப் பார்த்தாள். அடி விழப்போகிறது என்று நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவளோ அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

"சிவப்புப்பா! பச்சைப் பாசின்னா நல்ல தண்ணியில இப்டி சாயம் வுடாது. இது கஞ்சிப் பாசி! மணல்ல கெடந்த கல்லுல ஒட்டிக்கினு இருந்திச்சி. அங்க பொம்பளைங்க கஞ்சி காய்ச்சறதுக்குன்னு மூழ்கி மூழ்கி எடுத்தாங்க!"

அம்மா குடம் காலியானதற்குத் திட்டிக்கொண்டே சிரித்தாள். மிஞ்சிய பாசியைத் தாளில் விரித்து ஒட்டினோம். அன்றைக்கு எங்கள் வீட்டில் கல்யாணக் களைதான்.

மறுநாள் சாயங்காலம் அக்கா ஓடிவந்தாள். அப்போதுதான் குளித்துவிட்டு அப்பா தலை துவட்டிக்கொண்டிருந்தார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று தேர்வாளர் கேட்டாராம். அதுவரை கல்லூரியில் அப்பாவுக்கு 'கம்பெனி உத்தியோகம்' என்றே சொல்லிவந்தவள், அன்றைக்கு எல்லார் முன்னாலும் இப்படிச் சொன்னாளாம்: "எங்கப்பா தோல் ஷாப்புல தோல் அலசறவரு சார். அவருதான் கண்டுபிடிச்சாரு."

"தண்ணி ஊத்துனது நானு. என் பேரச் சொன்னியா?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போனார். வெகுநேரம் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் குளித்தவர் இவ்வளவு தண்ணீரை வீணாக்குகிறாரே என்று நான் ஓடிப்போய் அம்மாவிடம் கோள் சொன்னேன்.