பின்வண்டிக் கண்டக்டர்

குருபரப்பள்ளி நிறுத்தத்தில் வண்டி நின்றதும் நான் படியில் தொங்கிக்கொண்டே "சூளகிரி, ஓசூர், ஓசூர்" என்று கத்துவேன். கூடையும் கோழியுமாகப் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருப்பார்கள். ஒருவரும் அசையமாட்டார்கள். யாராவது ஒரு பெரியவர் இரக்கப்பட்டு, "நீங்க போங்க கண்டக்டரே. நாங்க பின்னால வர்ற வண்டியில வர்றோம்" என்பார். பின்னால் வரும் வண்டிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கும். என் வண்டியில் பாதி இருக்கை காலியாகக் கிடக்கும். அந்தக் காலிச் சீட்டுகளோடு நான் விசில் ஊதிப் புறப்படுவேன். ஐம்பதுகளில் நடந்தது இது. இன்று அந்தச் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. உள்ளே யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஆனாலும் அந்தப் பெரியவரின் குரல் ஞாபகத்துக்கு வந்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

இரண்டு வண்டிக்கும் ஒரே முதலாளி. கிருஷ்ணகிரியில் புறப்பட்டு ஓசூர் போய்த் திரும்பும் அதே சாலை, அதே குலுக்கல். வித்தியாசம் பின்வண்டியின் கண்டக்டர்தான். பார்க்கிற அளவுக்கு ஆள் ஒன்றுமில்லை. ஒல்லி உடம்பு, மேல்வரிசைப் பல் உதட்டுக்கு அடங்காமல் வெளியே நிற்கும். நானோ காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு வாட்டசாட்டமாக இருப்பேன். இருந்து என்ன? அவன் வாயைத் திறந்தால் வண்டியே குலுங்கும். "எனக்கு முன்னாடி எம் பல்லு ஓசூர் போய்ச் சேந்துடுதாம். அதுக்குத் தனியா அரை டிக்கெட் போட்டே ஆவணும்னு மொதலாளி ஒத்தக்கால்ல நிக்கிறாரு" என்பான். சூளகிரி தாண்டினால் இதையே தெலுங்கில் சொல்வான். ஓசூர் நெருங்கும்போது கன்னடம்.

மற்றவர்கள் போகட்டும் என்று விட்டிருப்பேன். என் மனைவியின் தாய்வீடு சூளகிரி. வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவைப் பார்க்கப் போவாள். "உங்க வண்டி பொறப்படறதுக்குள்ள வூட்டு வேல முடிய மாட்டேங்குது" என்று சொல்லிப் பின்வண்டியில்தான் போவாள். ஒரு வெள்ளிக்கிழமை என் வண்டி நகரும்போது பார்த்தேன். கிருஷ்ணகிரி ஸ்டாண்டுப் புளியமரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டிருந்தாள். வேலையெல்லாம் முடித்துத் தலைவாரிப் பூவும் வைத்தாயிற்று. அன்று சாயங்காலம் அடுப்படியில் தனியாக நின்று எதையோ நினைத்துச் சிரித்தாள். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் நான் அவளை அப்படிச் சிரிக்கவைத்ததே இல்லை.

வெட்கத்தைவிட்டு அவனிடமே கேட்டேன், ஓசூர் டீக்கடையில். எப்படியடா சிரிக்கவைக்கிறாய் என்று. ஒளிக்காமல் சொன்னான்.

"சிரிக்கிறவங்கள நான் பாக்கறதே இல்லண்ணா. சிரிக்காதவங்க யாருன்னுதான் பாப்பேன். ஒரு பெரியவரு மூணு மாசமா சிரிக்கவே இல்ல. கன்னடக்காரரு போலன்னு, பூ விக்கிற அம்மாகிட்ட கெஞ்சிக் கன்னடம் கத்துக்கினேன். அப்பவும் சிரிக்கல. அப்புறந்தான் தெரிஞ்சிது, அவருக்குக் காதே கேக்காதாம். போவட்டும், எனக்குக் கன்னடம் வந்துடிச்சில்ல?"

நான் சிரிக்கவில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னொண்ணுண்ணா. கிண்டல்ல யாரையும் தொடறதில்ல. என்னை வெச்சுத்தான் எல்லாம். சின்ன வயசுல இந்தப் பல்ல வெச்சு ஊரே சிரிச்சிது. நானே முந்திக்கினா அவங்களுக்கு வேலையில்ல பாருங்க" என்றான். தொழில் ரகசியத்தை மறைக்க எதையோ உளறுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். பொறாமைக்காரனுக்கு நல்ல வார்த்தை காதில் ஏறுமா?

என் விடுமுறை நாளில் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு அவன் வண்டியின் கடைசிச் சீட்டில் உட்கார்ந்து, அவன் சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்தேன். அடுத்த வாரம் ஒரு குடும்பம் என் வண்டியில் ஏறியது. ஓசூர் மலைக்கோயிலில் பெண் பார்க்கும் ஏற்பாடு என்று அப்பா வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். பெண்ணுக்கும் கொஞ்சம் பல் எடுப்பு. என் பற்களோ வரிசையானவை. அவற்றை வைத்து யார் சிரிப்பார்கள்? கற்றதை இறக்கிவிட இதுதான் சமயம் என்று தோன்றியது. "பொண்ணுக்கு ஒரு டிக்கெட் சரி, பல்லுக்கு ஒரு அரை டிக்கெட் போட்டுடலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அப்பா சில்லறையை நீட்டியபடியே நின்றார். அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஓசூரில் இறங்கும்வரை அவள் கை வாயைவிட்டு இறங்கவில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மனைவி தாய்வீட்டிலிருந்து வந்ததும் சோற்றுப்பானையை இறக்கிக்கொண்டே சொன்னாள்.

"வண்டியில ஒரு பொண்ணு வந்துச்சி. கோயில்லயும் வாய மூடிக்கினே நின்னிச்சாம். மாப்ள வூட்டுக்காரங்க, பொண்ணு ஊமையான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்களாம். காலையில யாரோ கண்டக்டரு பல்லுக்கு அரை டிக்கெட்டுன்னு சொன்னாராம். அவங்கம்மா ஒரே அழுகை."

நான் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதிலேயே கவனமாக இருந்தேன்.

"நம்ம கண்டக்டரு அந்தப் பொண்ணுகிட்டப் போயி, 'அது என்னோட அரை டிக்கெட்டும்மா. அந்த அண்ணன் தெரியாம உங்கிட்டக் குடுத்துட்டாரு, திருப்பிக் குடுத்துடு'ன்னு கையை நீட்டினாரு. அந்தப் பொண்ணு அவரு பல்லப் பாத்திச்சி. அப்புறம் முந்தானைய எடுத்துட்டுச் சிரிச்சிச்சி பாருங்க, வண்டியே சிரிச்சிடிச்சி."

அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது வெட்கமல்ல, பொறாமைதான். நான் உடைத்ததைக்கூட அவன் ஒட்டவைத்துவிட்டானே என்று. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. மனைவி என்னைப் பார்க்காமல் சோற்றைப் போட்டாள். "அந்த அண்ணன் யாருன்னு அவரு சொல்லல" என்றாள். "ஆனா முன்னால போறது ஒரே ஒரு வண்டிதானே?"

அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மன்னிப்புக் கேட்கக்கூட அந்தக் குடும்பம் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை என் மனைவி என் வண்டியில் ஏறினாள். அதற்காக எத்தனை வெள்ளிக்கிழமை ஏங்கியிருப்பேன். முன்சீட்டில் உட்கார்ந்து, நான் டிக்கெட் கொடுக்கும் ஒவ்வோர் ஆளையும் கவனித்தாள். சூளகிரி வரும்வரை என் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.