கோத்திரம் எழுதாத வீடுகள்

முதுநகரில் பஞ்சர் கடை. அதை விற்று மஞ்சக்குப்பத்தில் ஒரு மேசை நாற்காலியோடு திருமணத் தகவல் நிலையம். அப்புறம் சிதம்பரத்தில் அதற்கு ஒரு கிளை. கடைசியாக, கம்ப்யூட்டருக்குத் தூசி தட்ட மட்டுமே தெரிந்த நான் போட்ட வெப்சைட். எல்லாம் என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் இவ்வளவு செய்தான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நேரில் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

வெப்சைட்டை எழுதிக் கொடுத்தவள் என் கொழுந்தியா, மனைவியின் தங்கை. சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். 2009 வாக்கில் எங்கள் பக்கம் என்னைத் தவிர வேறு எவனுக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தங்கள் விவரத்தைக் கொடுத்துத் தேடினால், பொருந்துகிற பெண்கள் போட்டோவோடு வரிசையாக வருவார்கள்.

ஒருநாள் புவனகிரி விவசாயி ஒருவர் சிதம்பரம் கிளைக்கு வந்தார். மகள் பி.எட். முடித்தவள். பதிந்து பல மாதமாகியும் ஒரு வீட்டிலிருந்தும் விசாரிக்கவில்லை. உறவுக்காரர் ஒருவர் தேடிப் பார்த்ததில் அவள் போட்டோவே வரவில்லையாம்.

"எங்கள வேணும்னே மறச்சி வச்சிருக்கீங்களா? அப்படின்னா போட்டோவக் குடுங்க, எடுத்துக்கினு போறேன்."

பெண்ணை மறைத்தான் என்ற பேச்சு பரவினால் இந்தத் தொழிலில் அதோடு கடையை மூட வேண்டியதுதான். "செத்த ஒக்காருங்க. ஒங்க பொண்ணு இதுல வராம நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்று அவரை உட்கார வைத்து, கொழுந்தியாவை வரவழைத்தேன்.

அவள் வந்து தட்டிப் பார்த்தாள். "பொண்ணு உள்ளதான் இருக்கு மாமா. பேரப் போட்டா வருது. மாப்ள வீட்டுக்காரங்க மாதிரி தேடுனாதான் வரல."

"உள்ள இருக்கிறவ ஏன் வர மாட்டேங்கிறா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டனா? எழுதுனதெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

"டீ குடிக்கவா வந்தேன்? தேடறப்ப என்னென்ன பாக்குது, சொல்லு."

வயது, படிப்பு, நட்சத்திரம். அதோடு, பையனின் கோத்திரமும் பெண்ணின் கோத்திரமும் ஒன்றாக இருக்கக் கூடாது.

"ஒவ்வொண்ணா கழட்டிட்டுத் தேடு."

"இதென்ன லாரி டயரா மாமா, கழட்டறதுக்கு?" என்று சிரித்தாள். ஆனாலும் கழற்றினாள். வயதை எடுத்தாள், வரவில்லை; அதைத் திரும்பப் போட்டுவிட்டுப் படிப்பை எடுத்தாள். நட்சத்திரத்தை எடுத்தும் பலனில்லை. கோத்திரத்தை எடுத்ததும் புவனகிரிப் பெண் பட்டுப்புடவையில் வந்து நின்றாள். அவளோடு, அதுவரை தலைகாட்டாத ஒரு கூட்டமே வந்தது.

கொழுந்தியாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "இவுங்க யாருக்குமே கோத்திரம் எழுதல மாமா. பையனுக்கு சிவ கோத்திரம்னா, பொண்ணுக்கு அது இல்லாம வேறயா இருந்தா காட்டுன்னு எழுதியிருக்கேன். காலியா வுட்டா அது வேறயா, ஒண்ணான்னு டேட்டாபேசுக்குத் தெரியாது. தெரியலன்னா தள்ளிடும். நான் சோதிச்சப்ப எல்லாத்தையும் நிரப்பித்தான் சோதிச்சேன்."

விவசாயி குறுக்கிட்டார். "கல்யாணத்துக்கு நாங்க எங்க கோத்திரம் பாக்கறோம்? கோயில்ல அர்ச்சனைக்கு அய்யரு கேட்டா சிவ கோத்திரம்னு சொல்லுவோம், அவ்ளோதான். அதான் எழுதல."

"அப்ப அதையே போட்டுடவா?" என்று கொழுந்தியா கீபோர்டில் விரலை வைத்தாள்.

"வைக்காத! போட்டா சிவ கோத்திரத்துப் பையன் தேடறப்ப இந்தப் பொண்ணு மறுபடியும் மறஞ்சிடுவா. அவுங்க எழுதாதத நாம எழுதக் கூடாது. காலியா இருந்தாலும் காட்டுன்னு எழுது."

ஒரு வரி சேர்த்தாள். எல்லா நிபந்தனையோடும் தேடினோம். பெண் வந்தாள். விவசாயி திரையை ரொம்ப நேரம் பார்த்தார். போட்டோவைத் திருப்பிக் கேட்கவில்லை. "இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

வெப்சைட்டின் அடியில் இன்றும் அவள் சென்டரின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. எழுதியவள் அவள்தான், நான் மறுக்கவில்லை. நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னவன் யார்? காலியாக விட்டவர்களையும் காட்டு என்று சொன்னவன் யார்? அந்த வரி என்னுடையது. அவள் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், என் பெயரும் வர வேண்டும். கேட்டுக்கொண்டே இருப்பேன்.